கத்தி அக்கா ஒப்புக்கொண்ட தப்பு

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு மின்விசிறி இருக்கிறது. அது ஓடி நான் பார்த்ததில்லை. அதன் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, "தொட்டால் கையை எடுத்துவிடுவேன்" என்று பேனாவால் எழுதி வைத்திருப்பவர் கத்தி அக்கா. வெயில் காலத்தில் அந்த அறையில் நாங்கள் வடிக்கிற வியர்வையை வாளியில்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் பிளாஸ்திரியைப் பிய்க்க இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை. மருத்துவமனையின் தலைமை அதிகாரி ஒருமுறை சுற்றிப் பார்க்க வந்தவர், "ஏன் இவ்வளவு புழுக்கம்?" என்று கேட்டபடி சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். எழுதியிருந்ததைப் படித்தார். நீட்டிய கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அக்காவின் பக்கமும் நியாயம் உண்டு. நோயாளியின் உடம்பிலிருந்து டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற சதையை மருந்தில் ஊறவைத்து, அதிலுள்ள ஈரத்தை எடுத்துவிட்டு, மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு பிளாக் செய்வோம். அந்த பிளாக்கை அக்கா மெஷினில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால், பிளேடு அதைத் தலைமுடியை விடவும் மெல்லிய படலமாகச் சீவிக்கொண்டே வரும். படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக நீளும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது தும்மினால் போதும், யாரோ ஒருவருடைய ஈரல் பறந்து ஜன்னல் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். மின்விசிறி போட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்த நாடாவைத் தூரிகையால் ஏந்தி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விடுவார் அக்கா. சூட்டில் சுருக்கமெல்லாம் நீங்கி அது விரியும். கண்ணாடி ஸ்லைடைத் தண்ணீருக்கு அடியில் விட்டு, அலுங்காமல் அதைத் தூக்குவார். பிறகு ஸ்லைடு என்னிடம் வரும். நான் சாயம் போடுகிறவன். சாயம் ஏறாத ஸ்லைடில் எந்த டாக்டர் எந்த மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அவர் வெட்டாவிட்டால் எனக்கு வேலை இல்லை. நான் சாயம் போடாவிட்டால் அவர் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. இதில் முதல் பாதியை மட்டும் அவர் ஒப்புக்கொள்வார்.

எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "சாயக்காரா" என்பார். கோபம் வந்தால் "டேய் சாயக்காரா". அவருக்குக் கோபம் வராத நாள் விடுமுறை நாள்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு அறுவை டாக்டர் ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்? சீக்கிரம் வெட்டுங்கம்மா" என்று அதட்டினார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க வயித்தை அப்படித்தான் வெட்டுவீங்களா சார்? எந்தக் கிழமை வெட்டுவீங்கன்னு சொல்லுங்க, அன்னிக்கு எங்க சொந்தக்காரங்க யாரையும் இந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்" என்றார். அந்த டாக்டர் அதற்குப் பிறகு போனில்தான் கேட்பார். அதுவும் என்னிடம்.

இவ்வளவு வாய் இருந்தும் அக்காவை யாரும் ஒன்றும் சொல்ல முடியாததற்குக் காரணம், அவர் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியாது என்பதுதான். குறிப்பாக ஃப்ளோட்டர். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான சொல் கிடையாது. ஒரு நோயாளியின் சதையை மிதக்கவிட்ட தண்ணீரில் ஒரு துணுக்கு பிய்ந்து நின்றுவிட்டால், அடுத்த நோயாளியின் ஸ்லைடைத் தூக்கும்போது அதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதுதான் ஃப்ளோட்டர். ஒன்றும் இல்லாதவருக்கு வியாதி என்று ரிப்போர்ட் போக இது ஒன்று போதும். முன்பு எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண் வெட்டிய மூக்கு ஸ்லைடில் யாருடைய பித்தப்பையோ வந்து உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தப் பெண் "பித்தப்பை" ஆகிவிட்டாள். அவள் ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போய், அங்கே மேற்பார்வையாளராகவும் ஆகிவிட்டாள். ஆனால் அக்காவின் வாயில் அவள் இன்னும் பித்தப்பைதான்.

அக்காவின் தொட்டியில் அப்படி எதுவும் நடக்காது. ஒவ்வொரு பிளாக் முடிந்ததும் மெல்லிய காகிதத்தைத் தண்ணீரின் மேல் படரவிட்டு இழுப்பார். ஓரங்களைத் துடைப்பார். தூரிகையைத் துடைப்பார். அதன்பிறகு தலையைச் சாய்த்து, டியூப்லைட் வெளிச்சத்தில் தண்ணீரையே பார்ப்பார். "முகம் பார்த்தது போதும்க்கா, அழகாத்தான் இருக்கீங்க" என்பேன் நான். "உன் மூஞ்சி தெரியாத வரைக்கும் சுத்தம்னு அர்த்தம்" என்பார்.

அக்காவின் கணவருக்குப் பூட்டு ரிப்பேர் கடை. மருத்துவமனைக்குப் பின்தெருவில், ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. சுவர் முழுக்கச் சாவி. அவரை நான் மாமா என்பேன். மனைவிக்கு நேர் எதிர். யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். இப்படி ஒருத்தர் இப்படி ஒருத்தரோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறார் என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "எங்க வீட்டுல சண்டையே கிடையாது தம்பி. ஒரு ஆள் பேசுவாங்க, ஒரு ஆள் சாப்பிடுவேன்" என்றார்.

அவருக்கு இடுப்பு வலி வந்தது. சிறுநீரகத்தில் கல் இருக்கும் என்று ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. அதற்குப் பதிலாக ஈரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், இப்படியும் இருக்கலாம் அப்படியும் இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் சாயாமல் எழுதிவிட்டார். ஈரல் என்றதுமே சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் நாத்தனார் வீட்டுக்கே வந்து, "எங்க அண்ணன் ரகசியமா குடிச்சிருக்கான், நீ கவனிக்கலை" என்று அழுதாராம். மாமா குடிப்பது டீ ஒன்றுதான். அதிலும் சர்க்கரை போடமாட்டார். ரத்தத்தைச் சோதித்ததில் காரணம் தெரிந்தது. மஞ்சள்காமாலை கொண்டுவருகிற வைரஸ் ஒன்று, பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம், இத்தனை வருஷமும் சத்தமில்லாமல் உள்ளே குடியிருந்திருக்கிறது. நாத்தனாரும் அதே தாய்க்குப் பிறந்தவர்தானே, அவரும் சோதித்துக்கொள்வது நல்லது என்று சொன்னதும் அழுகையை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

புள்ளி என்னவென்று தெரிய ஊசியால் குத்திக் கொஞ்சம் சதை எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் மாமாவும் அக்காவும் எங்கள் டாக்டரம்மாவைப் பார்க்க வந்தார்கள். நானும் கூட நின்றேன். டாக்டரம்மாதான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். ஸ்லைடு பார்த்து இது புற்று, இது புற்றில்லை என்று முடிவு சொல்கிறவர். போதாததற்கு, ஈரல் புற்றுநோயில் ஜீன்கள் என்ன வேலை பார்க்கின்றன என்று சில வருஷங்களாக ஆராய்ச்சியும் செய்கிறார். எங்கள் குளிர்ப்பெட்டியில் பாதி இடத்தை அவருடைய ஈரல்கள்தான் அடைத்துக்கொண்டிருக்கும்.

"புத்துன்னா உள்ள என்னதான் நடக்குது டாக்டர்?" என்று மாமா கேட்டார். ஏதோ அடுத்தவர் வீட்டுப் பூட்டைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் எல்லா ஜீனும் இருக்கு. ஆனா எல்லாமே வேலை பார்க்காது" என்றார் டாக்டரம்மா. "நீங்க அம்மா வயித்துல இருந்தப்போ ஈரல் வேகமா வளரணும். அதுக்குன்னு சில ஜீன் வேலை பார்த்துச்சு. பொறந்தப்புறம் அதையெல்லாம் உடம்பு மூடி வச்சிடும். ஈரல் புத்துல என்ன ஆகும்னா, மூடி வச்சது மறுபடி வேலைய ஆரம்பிக்கும். வளரு வளருன்னு விரட்டும்."

"ரிட்டயர் ஆன ஆளு மறுநாளும் ஆபீசுக்கு வந்து சீட்டுல உக்காந்துக்கிட்ட மாதிரி."

"ஆமா. போதும் நிறுத்துன்னு சொல்ற ஜீனும் சில இருக்கு. அது பழுதாகிப் போயிருக்கும். தடுக்க ஆளில்லை. அதனால பெருகிக்கிட்டே போகும்."

"சரி, அது ஏன் வேற இடத்துக்குப் போகுது?"

"செல்லெல்லாம் பக்கத்து செல்லைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருக்கும். அந்தப் பிடிப்புக்கும் ஒரு ஜீன் வேலை பார்க்கணும். அது வேலைய நிறுத்திட்டா, பிடி விட்டுப்போகும். கழண்ட செல் ரத்தக்குழாய்க்குள்ள இறங்கி நுரையீரல், எலும்புன்னு போயிடும். அதுவரைக்கும் ஒரே இடத்துல இருக்கிறது. அதுக்கப்புறம் ஊர் சுத்தும்."

அக்கா அதுவரை வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில், "டாக்டர், பிளாக் வந்தா நான்தான் வெட்டுவேன். வேற யாரும் தொடக்கூடாது" என்றார். வேண்டாம், மனசு தாங்காது, விதிமுறையும் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா ஒற்றைக்காலில் நின்றார். "இந்தச் சாயக்காரன் கையில என் புருஷனைக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அக்கா வராத நாளில் நான்தான் வெட்டுவேன், என் வெட்டின் லட்சணம் அவருக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டார்.

மாமாவின் பிளாக் வந்த நாளில் முதலில் டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்காக ஒரு ஈரல் புற்று பிளாக்கை அக்கா வெட்டினார். அதை முடித்ததும் வழக்கம்போலக் காகிதத்தைப் படரவிட்டு இழுத்தார். அதோடு நிற்கவில்லை. தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். தேய்த்துக் கழுவினார். புதுத் தண்ணீர் ஊற்றிச் சூடேறும் வரை நின்றார். பிறகுதான் மாமாவை மெஷினில் மாட்டினார். நூல் போல ஒரு சதை, மெழுகின் நடுவில். அதன் மேல் வாயை வைத்து மெல்ல ஊதினார். மூச்சின் சூட்டில் மெழுகு கொஞ்சம் இளகி ஒழுங்காக வெட்டுப்படும். எல்லா பிளாக்குக்கும் செய்கிற வேலைதான். அன்றைக்கு மட்டும் எனக்குப் பார்க்க முடியவில்லை, திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் டாக்டரம்மா அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சாயப் பாத்திரங்களைக் கழுவுகிற சாக்கில் நான் வாசலருகே நின்றுகொண்டேன். இந்த விஷயத்தில் எனக்கு வெட்கம் எல்லாம் கிடையாது.

"நூல் ரெண்டு துண்டா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "பெரிய துண்டு சாதாரண ஈரல்தான், கொஞ்சம் தழும்பு இருக்கு. கொஞ்சம் தள்ளி ஒரு சின்னத் துண்டு. அதுல இருக்கிற செல்லு எனக்குப் பிடிக்கலை. புத்து மாதிரிதான் தெரியுது."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு என் கையிலிருந்த பாத்திரம் நழுவியது.

"அது அவரோடது இல்லை டாக்டர். ஃப்ளோட்டர்."

"என்னது?"

"முதல்ல உங்க ஆராய்ச்சி பிளாக்கை வெட்டினேன். அதுவும் ஈரல் புத்து. தண்ணிய நான் துடைக்கலை. அதுலேர்ந்து பிஞ்சது அவரு ஸ்லைடுல ஒட்டிக்கிச்சு. தனியா கிடக்குன்னு நீங்களே சொல்றீங்களே."

"நீங்களா? நீங்க துடைக்கலையா?"

"துடைக்கலை. நான் எப்பவுமே துடைக்கிறதில்லை. நீங்க வந்தா மட்டும் துடைக்கிற மாதிரி நடிப்பேன். நான் சுத்த சோம்பேறி டாக்டர். இவன்கிட்ட வேணா கேளுங்க."

டாக்டரம்மா வாசல் பக்கம் திரும்பினார். "நேத்து இவங்க தொட்டியைச் சுத்தம் பண்ணாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அது எனக்குத் தாங்கவில்லை.

"நான் என் சாயத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் டாக்டர். கவனிக்கலை" என்றேன்.

அடுத்த சில நாள் மருத்துவமனைக்கே பொழுதுபோக்கு. அக்கா போகிற இடமெல்லாம் தன் தப்பைச் சொன்னார். கேன்டீனில் சொன்னார். லிஃப்டில் சொன்னார். வாசல் காவலாளி கேட்காமலேயே அவரிடமும் சொன்னார். "தண்ணிய மாத்தாம வெட்டிட்டேன்பா. புத்தி கெட்டுப்போச்சு. பாவம், அவருக்கு ஒண்ணுமே இல்லை, என்னால வந்த வினை." அவரிடம் திட்டு வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பித்தப்பையே மேல்மாடி ரத்தப் பரிசோதனைப் பிரிவிலிருந்து இறங்கி வந்தாள். பழி வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் நடக்கும்க்கா" என்றாள். கத்தி அக்கா, அந்தக் கத்தி அக்கா, தலையைக் குனிந்துகொண்டு, "உன்னை எவ்வளவு பேசியிருக்கேன்" என்றார். இருவரும் அழுதார்கள். நான் சாயம் போட வேண்டிய ஸ்லைடில் ஒன்றை உடைத்தேன்.

மாமாவிடமும் அதையே சொல்லியிருந்தார். மத்தியானம் டிபன் பாக்ஸ் கொண்டுவந்த மாமா என்னிடம், "உங்க அக்கா ஏதோ தப்புப் பண்ணிட்டாளாமே தம்பி. எனக்கு ஒண்ணும் இல்லையாமே" என்றார். "அப்படித்தான் சொல்றாங்க மாமா" என்றேன். "அதுவும் சரிதான்" என்றார் அவர்.

டாக்டரம்மா அவ்வளவு சுலபமாக எதையும் நம்புகிறவர் இல்லை. அதே சமயம், அக்கா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருந்துவிடக் கூடாதா என்ற ஆசை அவருக்கும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். "ஃப்ளோட்டர்னா அது தண்ணியிலேர்ந்து ஒட்டினது. பிளாக்குக்குள்ள இருக்காது" என்றார். "இன்னும் ஆழமா வெட்டிப் பார்ப்போம். வேற ஆளு, புது பிளேடு, புதுத் தண்ணி." வேற ஆள் என்றால் நான்தான். மற்றவர்கள் எல்லோரும் விடுப்பில் போயிருந்தார்கள் என்று சொல்ல ஆசை. உண்மை என்னவென்றால், எங்கள் பிரிவில் வெட்டத் தெரிந்தது நாங்கள் இருவர்தான்.

என் வெட்டைப் பற்றி அக்கா எப்போதும் சொல்வது, "பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு" என்பது. பிளாக்கில் மிச்சம் இருந்தது ஒரு நூலின் அடிப்பகுதி. நான் சொதப்பினால் அதுவும் போய்விடும். மாமாவை மறுபடியும் ஊசியால் குத்த வேண்டியிருக்கும். மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா எனக்குப் பின்னால் நின்றார், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. பேசமாட்டேன் என்று டாக்டரம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் படலம் சுருண்டது. இரண்டாவது கிழிந்தது. பின்னால் ஒரு முனகல் கேட்டது. மூன்றாவதுக்குச் சக்கரத்தைப் பிடித்தபோது அக்காவால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"டேய், ஊதுடா. மேல ஊதிட்டுச் சுத்து. அவசரப்படாதே. சக்கரத்தை நிறுத்தாம சுத்து."

ஊதினேன். சுற்றினேன். நாடா வந்தது. பிறந்ததிலிருந்து நான் வெட்டியதில் அதுதான் நல்ல நாடா. தப்பு நடந்தது தன் கையால் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், என் கையில் தப்பு நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டார். அவர் வாயைத் திறக்காமல் விட்டிருந்தால் அந்தச் சதையே காணாமல் போயிருக்கும், முடிவும் தள்ளிப்போயிருக்கும். அவரால் மோசமான வெட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதுதான் அவர்.

மூன்று ஸ்லைடு தயார் செய்தேன். ஒன்று எப்போதும் போடுகிற சாதாரணச் சாயம். மற்ற இரண்டும் வேறு மாதிரி. ஜீன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது வேலை செய்தால் ஒரு புரதம் உண்டாகும். அந்தப் புரதம் இருக்கிற இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் ஏறும்படி செய்ய முடியும். இரண்டாவது ஸ்லைடு, டாக்டரம்மா சொன்ன, கருவில் வேலை பார்த்துவிட்டு மூடிக்கொள்கிற ஜீனுக்கு. மூன்றாவது, செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிற ஜீனுக்கு. பழுப்பு ஏறும் வரை அக்கா என் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாயம் போடுவதைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை.

டாக்டரம்மாவின் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அக்கா. நான் பின்னால் நின்றேன்.

முதல் ஸ்லைடை டாக்டரம்மா மெதுவாக நகர்த்தினார். நூலின் இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனை வரை போனார். திரும்ப வந்தார். மறுபடி போனார்.

"அறுபடலை" என்றார். "ஆழத்துல நூல் ஒரே துண்டாத்தான் இருக்கு. நல்ல ஈரல் இங்க முடியுது, அங்கேயே அது தொடங்குது. நடுவுல இடைவெளி இல்லை."

அக்கா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாவது ஸ்லைடு. நல்ல ஈரலில் ஒரு துளி பழுப்பு இல்லை. அதைத் தாண்டியதும், செல் செல்லாகப் பழுப்பு. பிறந்ததும் மூடிப் போயிருக்க வேண்டியது, இத்தனை வயதுக்கு மேல் வேலைக்கு வந்திருந்தது. நான் ஏற்றிய நிறம்தான். பாராட்டலாம் போல அவ்வளவு சுத்தமாக ஏறியிருந்தது. என் தொழிலை நான் வெறுத்தது அந்த ஒரு நாள்தான்.

மூன்றாவதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார். "இதைப் பாருங்க. ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் கோடு நல்லாவே தெரியுது. பிடிப்பு இன்னும் விடலை. ஸ்கேன்லயும் ஒரே இடம்தான், சின்னது. இதை மட்டும் வச்சு எல்லாம் சொல்லிட முடியாது. ஆனா இப்போ வெட்டி எடுத்துடலாம்னு சர்ஜன் சொல்லுவாரு. நல்ல நேரத்துலதான் பார்த்திருக்கோம்." பிறகு அவர் அக்காவின் தோளில் கையை வைத்தார். "தண்ணி சுத்தமாத்தான் இருந்திருக்கு. உங்க வேலையில தப்பே இல்லை."

இத்தனை வருஷத்தில் டாக்டரம்மாவின் வாயிலிருந்து அக்காவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அந்த மைக்ரோஸ்கோப்பைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

மாமாவிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தது. "நான்தான் சொல்லணும்" என்றார் அக்கா. தனியாக அனுப்ப மனம் வரவில்லை, நானும் கூடப் போனேன். கடையில் மாமா சாவி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே போனார். நான் வெளியே நின்றேன். அந்தக் கடையில் அவ்வளவுதான் இடம்.

மாமா மெஷினை நிறுத்தினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"தப்பு நடக்கலையா?" என்றார்.

அக்கா தலையை ஆட்டினார். "நடக்கலைங்க."

"எனக்குத் தெரியும்மா. நீ எங்க தப்புப் பண்ணப் போறே."

"தெரியுமா? பின்ன ஏன் நான் சொல்றதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டினீங்க?"

"கல்யாணமானதிலேர்ந்து நீ ஒரு தப்பை ஒத்துக்கிட்டு நான் பார்த்ததில்லை" என்றார் மாமா. "ரெண்டு நாள் பார்த்துக்கலாம்னு ஆசையா இருந்துச்சு."

அக்கா அவர் கையில் ஓங்கி அடித்தார். அப்புறம் அந்தக் கையையே பிடித்துக்கொண்டு அழுதார், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு. "இவ்வளவு வருஷம் ஒழுங்கா வெட்டினேனே. ஒரே ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும், நான் தப்புப் பண்ணியிருக்கக் கூடாதா?"

மாமா தேய்த்துக்கொண்டிருந்த சாவியை ஆணியில் மாட்டினார்.

"சரி, அழாதே" என்றார். "சர்ஜன் எப்போ வரச் சொல்றாரு?"